மழை விழும் நிலமும் நீர் பெறும் ஊரும்: மூடா வடிநிலத்தை முன்வைத்து ஒரு நீர்க்கொள்கை நோக்கு

முன்னுரை

காடுகள் அழிந்தால் மழை பொய்க்கும், மழை பொய்த்தால் ஆறுகள் வற்றும் என்னும் கருத்து இடம்பெறாத சுற்றுச்சூழல் கட்டுரையை நம் பள்ளிகளில் காண்பது அரிது. மாணவர் எழுதுகின்றனர், ஆசிரியராகிய நாமும் மதிப்பெண் வழங்குகின்றோம். நாளிதழ்களும் அரசியல் மேடைகளும் இதே கருத்தை வழிமொழிகின்றன. ஆயினும், வடிநில அறிவியல் கடந்த நூறு ஆண்டுகளில் அளந்து கண்ட உண்மை இக்கருத்தோடு முழுமையாகப் பொருந்துவதில்லை. காட்டைக் காக்க வேண்டும் என்னும் முடிவு சரியானதே. ஆனால் அம்முடிவுக்கு நாம் கூறும் காரணம் பிழையாக இருப்பின், அக்காரணத்தின்மேல் எழுப்பப்படும் நீர்க்கொள்கையும் ஒருநாள் ஆட்டங்காணும்.

இக்கட்டுரை மூன்று செய்திகளை விளக்க முற்படுகிறது. முதலாவது, வடிநிலம் என்பது யாது, அதைப் பற்றிய அறிவியல் எதை உறுதியாகக் கூறுகிறது என்பதாகும். இரண்டாவது, தீபகற்ப மலேசியாவின் வடபகுதியிலுள்ள மூடா ஆற்று வடிநிலத்தில் அவ்வறிவியலும் மாநில எல்லைகளும் எவ்வாறு முரண்படுகின்றன என்பதாகும். மூன்றாவது, வருங்கால நீர்க்கொள்கை எதை விலைமதிக்க வேண்டும் என்பதாகும்.

சொல்லும் பொருளும்

ஒரு குறிப்பிட்ட ஆற்றிடத்திற்கு மேலே எந்தெந்த நிலத்தில் விழும் மழைநீர் அவ்விடத்தை நோக்கி வடிகிறதோ, அந்நிலம் முழுவதும் அவ்விடத்தின் வடிநிலமாகும். ஒரு வடிநிலத்தை அடுத்த வடிநிலத்திலிருந்து பிரிக்கும் உயர்நிலக்கோடு நீர்ப்பிரிமேடு எனப்படும். ஆங்கிலத்தில் வாட்டர்ஷெட் என்னும் ஒரே சொல் இவ்விரு பொருளிலும் வழங்குவதால், மொழிபெயர்ப்பில் குழப்பம் நேர்வதுண்டு. தமிழகத்து அரசு ஆவணங்களில் 'நீர்வடிப்பகுதி' என்னும் சொல் காணப்படுகிறது. மலேசியத் தமிழ் நாளிதழ்கள் பெரும்பாலும் 'நீர்ப்பிடிப்புப் பகுதி' என்றே எழுதுகின்றன.

இச்சொற்களுள் எதைத் தேர்வது என்பது வெறும் கலைச்சொல் சிக்கலன்று. நீர்ப்பிடிப்பு என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது அணையின் பின்னால் தேங்கி நிற்கும் நீர்ப்பரப்பே. வடிநிலம் என்னும் சொல்லோ, அந்நீர்ப்பரப்புக்குப் பல கிலோமீட்டர் மேலேயுள்ள சரிவையும் மண்ணையும் நினைவூட்டுகிறது. ஏரிப்பாசன மரபில் ஓர் ஏரியின் நீரால் விளையும் நிலத்திற்கு 'ஆயக்கட்டு' என்னும் உறுதியான சொல் உண்டு. அவ்வேரிக்கு நீரைத் தரும் நிலத்திற்கோ அத்துணைத் தெளிவாக நிலைபெற்ற சொல் பொதுவழக்கில் இல்லை எனலாம். நீர் பெறும் நிலத்தைக் கணக்கிட்டு, நீர் தரும் நிலத்தைக் கணக்கிடாமல் விடும் இப்போக்கு மொழியில் மட்டுமன்றி, நாம் வாழும் நாட்டின் நீர்க்கொள்கையிலும் காணப்படுகிறது. இக்கட்டுரையில் 'வடிநிலம்' என்னும் சொல்லையே ஆள்கின்றோம்.

வடிநில அறிவியல் கூறுவது

ஆற்றுநீர் முழுவதும் மழையிலிருந்தே வரக்கூடும் என்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டின் பியர் பெரோ ஆவார். அவர் 1674ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், சேன் ஆற்றின் தலைப்பகுதி வடிநிலத்தில் ஓராண்டில் பெய்யும் மழை, அங்கு ஆற்றில் ஓடும் நீரைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு என்று கணக்கிட்டார். பூமிக்கடியில் கடல்நீர் ஊடுருவி ஊற்றாக வெளிப்படுகிறது என்னும் பழங்கொள்கைக்கு இக்கணக்கு விடையளித்தது. அன்று முதல் வடிநில அறிவியலின் அடிப்படை ஒரு வரவுசெலவுக் கணக்காகவே இருந்து வருகிறது. பெய்த மழையில் ஆவியாகித் திரும்பியது போக எஞ்சுவது ஆற்றில் ஓடுகிறது, அல்லது மண்ணிலும் நிலத்தடியிலும் தங்குகிறது.

இக்கணக்கில் காட்டின் பங்கு என்ன? இதை அறிய அறிஞர் இணை வடிநில ஆய்வுமுறையைக் கையாண்டனர். அருகருகே உள்ள ஒத்த இயல்புடைய இரு சிறு வடிநிலங்களைத் தேர்ந்து, சில ஆண்டுகள் மாற்றமின்றி அளந்து, பின்னர் ஒன்றில் மட்டும் மரங்களை வெட்டி, மற்றதோடு ஒப்பிடுவதே அம்முறை. 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தொடங்கிய இம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது. 1982ஆம் ஆண்டு போஷ், ஹியூலெட் என்னும் இருவரும் இத்தகைய 94 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். மரப்போர்வை குறைந்தபோது ஆற்றின் ஆண்டு நீரளவு கூடுகிறது என்பதே அவற்றிற் கண்ட பொதுப்போக்கு.

இம்முடிவு முதற்பார்வையில் வியப்பளிக்கலாம். காரணம் எளிதே. மரம் நீரை உண்டாக்குவதில்லை, பயன்படுத்துகிறது. மழைநீரில் ஒரு பகுதி இலைகளிலேயே தங்கி ஆவியாகிறது. ஆழ்ந்த வேர்கள் உறிஞ்சும் நீர் இலைகளின் வழியே காற்றிற் கலக்கிறது. மரம் நீங்கியவுடன் இச்செலவு குறைகிறது. ஆகவே ஆற்றின் வரவு கூடுகிறது. மலேசியாவிலும் இதே முடிவு கிடைத்துள்ளது. பகாங் மாநிலத்தின் தெக்காம் ஆற்று ஆய்வு வடிநிலத்தில் காடு அகற்றப்பட்டுக் கொக்கோவும் செம்பனையும் நடப்பட்டபோது, ஆற்றின் நீரளவு உயர்ந்தது. நெகிரி செம்பிலானிலுள்ள பெரெம்பூன் ஆய்வு வடிநிலங்களில் மரம் வெட்டிய பின்னரும் நீரளவு கூடவே செய்தது. ஆனால் அங்கு மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. ஓடைக்கரை மரங்களை விட்டுவைத்து, பாதைகளை முறையாக அமைத்து, மேற்பார்வையோடு வெட்டிய வடிநிலத்தில் ஏற்பட்ட மாற்றம், வழக்கமான முறையில் வெட்டிய வடிநிலத்தில் ஏற்பட்டதைவிடக் குறைவாக இருந்தது.

தென்னாப்பிரிக்கா இவ்வறிவியலைச் சட்டமாகவே ஆக்கியுள்ளது. அந்நாட்டின் 1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச்சட்டம், வணிக நோக்கில் மரத்தோட்டம் வளர்ப்பதை ஆற்றோட்டத்தைக் குறைக்கும் செயலென வகைப்படுத்துகிறது. அங்கு மரம் நடுவதற்கே நீர் உரிமம் தேவைப்படுகிறது.

அவ்வாறாயின் காட்டை வெட்டுவது நீருக்கு நன்மையா? அன்று. இங்கேதான் நீரின் அளவையும் நீரின் இயல்பையும் வேறுபடுத்தி நோக்க வேண்டியுள்ளது. டச்சு நீரியல் அறிஞர் புருய்ன்சீல் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட மீள்நோக்குக் கட்டுரையில் மரத்தை மட்டும் பார்த்து மண்ணைப் பாராதிருத்தல் பிழையென எடுத்துரைத்தார். காட்டுமண் இலைச்சருகாலும் வேர்த்துளைகளாலும் நெகிழ்ந்து, பெருமழையை உள்வாங்கி, மழையற்ற மாதங்களில் மெல்லக் கசியவிடுகிறது. மரம் இழுக்கும் கனவண்டிகளும் செப்பனிடாத பாதைகளும் அம்மண்ணை இறுக்கிவிடும்போது, மழைநீர் உட்புகாமல் மேற்பரப்பிலேயே வழிந்தோடுகிறது. மண்ணின் உறிஞ்சுதிறன் மிகவும் குறைந்துவிட்டால், ஆண்டு முழுவதற்குமான நீரளவு கூடியிருந்தும் வறட்சிக்கால ஓட்டம் குறையக்கூடும். வெள்ளமாக ஓடிய நீரைக் கோடையில் எவரும் பருகவியலாது.

வண்டலும் இத்தகையதே. கேமரன் மலையில் 1963ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கம் இதற்குக் கண்கூடான சான்று. மேற்சரிவுகளில் காய்கறித் தோட்டங்களும் கட்டடங்களும் பெருகியதால் அரித்துவந்த மண், நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் பெரும்பகுதியை நிரப்பிவிட்டது. 2013ஆம் ஆண்டு அக்டோபரில் பெருமழையின்போது அங்கிருந்து நீர் திறந்துவிடப்பட்டதைத் தொடர்ந்து பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அணையைக் கட்டியவர் நீரைக் கணக்கிட்டனர். மேலேயுள்ள நிலம் மாறியபோது அக்கணக்கும் மாறிற்று.

மழையைப் பொறுத்தவரை ஒரு விளக்கம் தேவை. அமேசான் போன்ற கண்டப் பரப்பிலான காடுகள் தாம் வெளியிடும் ஈரத்தைக் கொண்டே மீண்டும் மழை பெறுகின்றன என்பது நிறுவப்பட்ட உண்மை. முகில் தவழும் உயர்மலைக் காடுகள் மூடுபனியிலிருந்தும் நீர் பெறுகின்றன. ஆயினும் இருபுறமும் கடல் சூழ்ந்து, பருவக்காற்றால் மழை பெறும் ஒரு தீபகற்பத்தில், ஒரு மாவட்ட அளவிலான காட்டுக்கு அம்முடிவை அப்படியே பொருத்திவிட இயலாது.

மூடா வடிநிலம்: மூன்று மாநிலங்களும் ஒரு காடும்

இவ்வறிவியலை மனத்திற்கொண்டு மூடா ஆற்றை நோக்குவோம். கெடா மாநிலத்தின் கிழக்கு மலைகளில் தோன்றும் இவ்வாற்றின் வடிநிலம் ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதில் மிகப்பெரும் பகுதி கெடாவுக்குள் அமைந்துள்ளது. கடலை நெருங்கும் இறுதிப் பகுதியில் இவ்வாறே கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாகிறது. அவ்விடத்தில்தான் பினாங்கு தன் குடிநீருக்கான மூலநீரை எடுக்கிறது. அம்மாநிலத்தின் மூலநீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இவ்வோர் ஆற்றிலிருந்து வருகிறது.

ஆற்றின் தலைப்பகுதியில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேர் பரப்பில் உலு மூடா காப்புக்காடு விரிந்துள்ளது. இக்காட்டையொட்டி மூடா, பெடு, அஹ்னிங் ஆகிய மூன்று அணைகள் உள்ளன. இவற்றுள் மூடா, பெடு அணைகளின் தொடர்பு குறிப்பிடத்தக்கது. மூடா அணைக்கு மேலே ஏறத்தாழ 984 சதுர கிலோமீட்டர் வடிநிலம் உண்டு. ஆனால் அதன் நீர்த்தேக்கம் சிறிது. பெடு அணையின் நீர்த்தேக்கமோ மிகப் பெரிது. அதன் சொந்த வடிநிலம் ஏறத்தாழ 171 சதுர கிலோமீட்டர் மட்டுமே. ஆகவே ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நீளமுள்ள சையோங் சுரங்கம் வழியாக மூடாவின் நீர் பெடுவுக்குக் கொண்டு செல்லப்படுகிறது. அங்கிருந்து அது மூடா வேளாண் திட்டத்தின் ஏறத்தாழ 1 இலட்சம் ஹெக்டேர் நெல்வயல்களுக்குப் பாய்கிறது. 1970ஆம் ஆண்டு முதல் அங்கு இருபோக நெல் விளைவதற்கு இந்நீரே அடிப்படை. பெர்லிஸ் மாநிலத்தின் ஒரு பகுதியும் இத்திட்டத்துள் அடங்கும்.

இதனால் ஓர் உண்மை புலனாகிறது. மூடா அணைக்கு மேலே விழும் மழையின் பெரும்பகுதி நீர்ப்பிரிமேட்டைக் கடந்து வேறொரு வடிநிலத்திற்குச் சென்றுவிடுகிறது. கீழே பினாங்கு எடுக்கும் நீர், அணைக்குக் கீழுள்ள துணையாறுகளையும், 2004ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பெரிஸ் அணை திறந்துவிடும் நீரையும் பெரிதும் சார்ந்துள்ளது. உலு மூடா காட்டால் பயனடைவோர் பினாங்கு மக்கள் மட்டுமல்லர். கெடா, பெர்லிஸ் உழவரும், அவர்கள் விளைவிக்கும் அரிசியை உண்ணும் நாட்டு மக்கள் அனைவரும் ஆவர். யார் எவ்வளவு பயனடைகின்றனர் என்பதை ஆற்றின் இறுதியில் நின்று கணிக்க முடியாது. வடிநிலம் முழுவதையும் அளந்தே கணிக்க வேண்டும்.

சட்டம் வகுத்த எல்லைகள்

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும் காடும் மாநில அதிகாரத்திற்கு உட்பட்டவை. ஒரு மாநிலத்திற்குள் முழுமையாக அடங்கும் ஆறும் அத்தகையதே. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களைத் தொடும் ஆறுகள், தொடர்புடைய மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கையால் நெறிப்படுத்தப்பட்டாலன்றி, கூட்டரசுப் பட்டியலில் இடம்பெறுகின்றன. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் தீபகற்ப மலேசியாவில் நீர் வழங்கலையும் நீர்ச்சேவைகளையும் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. அதனைத் தொடர்ந்து 2006ஆம் ஆண்டு நீர்ச்சேவைத் தொழிலுக்கும் அதற்கான ஆணையத்திற்கும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன.

இம்மாற்றங்கள் பெரும்பாலும் குழாய்க்குள் வந்துவிட்ட நீரைப் பற்றியவை. நீர்ச்சுத்திகரிப்பு, குழாய் இழப்பு, கட்டணம் ஆகியவற்றுக்கு அவை ஒழுங்கு வகுத்தன. மழை விழும் சரிவோ முன்போலவே நிலமாகவும் காடாகவும் மாநிலத்தின் கையில் உள்ளது. காட்டு மரத்தால் கிடைக்கும் வருவாய் மாநிலக் கருவூலத்தைச் சேர்கிறது. மரத்தை வெட்டாமல் விட்டால் கிடைக்கும் நன்மையோ கீழ்நிலையில் வாழ்வோர்க்குச் சென்றுசேர்கிறது. காட்டைக் காப்பவர் இழப்பையும் காவாதவர் வருவாயையும் பெறும் இவ்வமைப்பில், எந்த மாநில அரசும் நல்லெண்ணத்தால் மட்டும் நெடுங்காலம் காட்டைக் காக்கும் என எதிர்பார்ப்பது பொருந்தாது.

கெடாவுக்கும் பினாங்குக்கும் இடையே பல ஆண்டுகளாக நிலவும் வழக்கின் வேர் இதுவே. மூலநீருக்குக் கட்டணம் வேண்டுமெனக் கெடா கோரி வருகிறது. 2021ஆம் ஆண்டில் அக்கோரிக்கை ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் என முன்வைக்கப்பட்டது. தன் எல்லைக்குள் ஓடும் ஆற்றிலிருந்தே நீர் எடுப்பதால் கட்டணம் செலுத்தத் தேவையில்லை என்பது பினாங்கின் நிலை. இருவர் வாதமும் ஆற்றுநீரைப் பற்றியதே. அந்நீரைத் தரும் நிலத்தைப் பற்றி எழ வேண்டிய கேள்வி இவ்வழக்கில் பின்தள்ளப்பட்டுள்ளது. பினாங்கு 5 கோடி செலுத்தினாலும், அத்தொகை காட்டைக் காப்பதோடு பிணைக்கப்படாவிடில், ஒரு மரமேனும் அதனால் காக்கப்படும் என்று கூறவியலாது.

லிங்கியூ காட்டும் முன்மாதிரி

இவ்விடத்தில் தீபகற்பத்தின் மறுகோடியில் நிகழ்ந்த ஒன்றை ஒப்பிடுதல் பயன் தரும். ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான நீர்த்தொடர்பு பற்றிப் பேசுவோர் 1962ஆம் ஆண்டு உடன்படிக்கையையே பெரிதும் குறிப்பிடுவர். அதன்படி 2061ஆம் ஆண்டு வரை ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் நீர் வரை எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு விலை 3 காசு. அவ்விலை நியாயமானதா என்னும் விவாதம் நாமறிந்ததே.

ஆனால் 1990ஆம் ஆண்டு இரு தரப்பும் செய்துகொண்ட மற்றோர் உடன்படிக்கை அத்துணைக் கவனம் பெறவில்லை. ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் லிங்கியூ அணை கட்ட அது வழிவகுத்தது. ஏறத்தாழ 21,600 ஹெக்டேர் நிலத்தை ஜொகூர் ஒதுக்கியது. அந்நிலத்தைப் பயன்படுத்தவியலாமற் போவதற்கும் அதனால் வரும் வருவாய் இழப்புக்கும் ஈடாகச் சிங்கப்பூர் 32 கோடி ரிங்கிட் வழங்கியது. அதாவது, கீழ்நிலையில் நீர் பெறுபவர் நீருக்கு மட்டுமன்றி, நிலத்தை வேறு வகையில் பயன்படுத்தாமல் விட்டதற்கும் விலை கொடுத்தனர். இரு நாடுகள் செய்துகொள்ள முடிந்த இவ்வேற்பாட்டை ஒரே கூட்டரசின் இரு மாநிலங்கள் செய்துகொள்ள முடியாதென்பதற்கு அறிவியல் காரணம் ஏதுமில்லை.

இம்முன்மாதிரிக்கும் எல்லை உண்டு. குறைந்த மழையினால் லிங்கியூ நீர்த்தேக்கம் 2016ஆம் ஆண்டு அக்டோபரில் தன் கொள்ளளவில் 20 விழுக்காடு வரை தாழ்ந்தது. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆற்றில் கலந்த அம்மோனியா மாசினால் கீழ்ப்பகுதியில் நீர்ச்சுத்திகரிப்பு நிறுத்தப்பட்டது. தலைப்பகுதியை மட்டும் காத்தால் போதாது. தலைமுதல் நீரெடுக்கும் இடம்வரை வடிநிலம் முழுவதையும் ஒன்றாகப் பேண வேண்டும் என்பதே இதனால் பெறும் பாடம்.

வருங்காலக் கொள்கைக்குச் சில கருத்துகள்

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலாவது, கொள்கைக்கு முன் கணக்கு வேண்டும். எந்தத் துணையாற்றின் வடிநிலத்திலிருந்து எவ்வளவு நீரும் வண்டலும் வருகின்றன, சுரங்கங்களின் வழியே எவ்வளவு நீர் இடம்மாறுகிறது என்பவை தொடர்ந்து அளக்கப்பட்டு, எல்லா மாநிலங்களும் ஏற்கும் ஒரே கணக்காக வெளியிடப்பட வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் எண்ணோடு வரும் பேச்சுவார்த்தை முடிவெய்துவதில்லை.

இரண்டாவது, நீருக்கான விலையையும் நிலத்தைப் பேணுவதற்கான ஈட்டையும் பிரித்தறிய வேண்டும். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் முதல், காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு நிதி வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் 6 கோடி ரிங்கிட்டாக இருந்த அத்தொகை 2024ஆம் ஆண்டுக்கு 20 கோடியாக உயர்ந்தது. இது வரவேற்கத்தக்க தொடக்கம். ஆயினும் பல்லுயிர்ப் பாதுகாப்பை நோக்காகக் கொண்ட இந்நிதி, குறிப்பிட்ட வடிநிலத்தையும் அதன் பயனாளரையும் இணைப்பதன்று. கீழ்நிலைப் பயனாளர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி மேல்நிலைச் சரிவின் நிலையோடு பிணைக்கப்படின், அவ்விணைப்பு ஏற்படும்.

மூன்றாவது, அரசியலமைப்பே மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கைக்கு இடமளிக்கிறது. அதனைப் பயன்படுத்தி, தொடர்புடைய மாநிலங்களும் வேளாண் திட்டமும் கூட்டரசும் அமரும் ஒரு வடிநில அவை அமைக்கப்படலாம். மாநிலங்களின் நில உரிமையைப் பறிப்பது இதன் நோக்கமன்று; அவ்வுரிமையைக் காட்டுக்குச் சார்பாகப் பயன்படுத்துவோர்க்கு இழப்பு நேராமற் காப்பதே நோக்கம்.

முடிவுரை

காட்டை வெட்டினால் நீர் வற்றிவிடும் என்று மட்டும் கூறி நாம் வாதிட்டால், வெட்டிய பின்னர் ஆற்றில் நீர் கூடியதென ஓர் அளவுத்தாளைக் காட்டி எவரும் நம்மை எளிதில் மறுத்துவிடலாம். காடு நீரின் அளவைக் கூட்டுவதில்லை, மழை மாதத்து மிகுதியை வறண்ட மாதத்திற்குக் கொண்டுசேர்க்கவும், நீர் தெளிவாக வரவும், அணை தூராமல் இருக்கவும் துணைபுரிகிறது என்று கூறுவது அறிவியலுக்கு ஒத்தது, மறுக்கவும் அரியது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு மாணவர் காடழிந்தால் ஆறு வற்றும் என எழுதும்போது, அதை அடித்துவிட வேண்டியதில்லை. எந்த மாதத்தில் வற்றும், வெள்ளக்காலத்தில் என்ன நேரும், மண் எங்கே போகும் என்னும் மூன்று கேள்விகளை ஓரத்தில் எழுதினால் போதும். தம் வீட்டுக் குழாய்நீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறது, அவ்வாற்றின் வடிநிலம் எந்த மாநிலத்தில் தொடங்குகிறது என்பதை வரைபடத்திற் கண்டுபிடிக்கச் செய்தால் இன்னும் நன்று. 2061ஆம் ஆண்டில் நீர் பற்றிய முடிவுகளை எடுக்கும் வயதில் இருப்பவர்கள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்துள்ள மாணவர்களே. குழாயைத் திறக்கும்போது மேலேயுள்ள நிலத்தையும் நினைக்க அவர்கள் இப்போதே பழகுவது நன்று.